நானுஓயா ஏற்றத்தில் தடைப்பட்ட 32 கிலோமீட்டர்: ஒரு நீண்ட பயிற்சி ஓட்டத்தின் நிகழ்வு ஆய்வு

மரதன் போட்டிக்குத் தயாராகும் ஒருவருடைய பயிற்சிக் காலத்தில் மிக நீண்ட ஓட்டம் பெரும்பாலும் போட்டிக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்னர் அமைகிறது. 30 முதல் 32 கிலோமீட்டர் வரையான அந்த ஓட்டம் நல்லபடியாக முடிந்தால், 42.195 கிலோமீட்டரில் எஞ்சிய பத்தையும் ஓடிவிடலாம் என்ற துணிவு பிறக்கிறது. அது பாதியில் முறிந்தாலோ, மாதக்கணக்கில் சேர்த்த உழைப்பெல்லாம் பொய்த்துவிட்டது என்ற எண்ணம் ஓடுபவரைப் பற்றிக்கொள்கிறது. அவ்வாறு முறிந்துபோன ஓர் ஓட்டத்தையும், அதற்கான காரணங்களைத் தேடியதையும், எஞ்சியிருந்த மூன்று வாரங்களில் செய்த மாற்றங்களையும் இங்கே பதிவு செய்கிறேன். மலையகத்தில் இப்போது இளைஞர்களும் ஆசிரியர்களும் தோட்டத்துப் பிள்ளைகளும் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கையில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளோ அநேகமாகச் சமதரையில் ஓடுபவர்களுக்காக எழுதப்பட்டவை. அந்த அட்டவணையில் உள்ள கிலோமீட்டர் எண்ணை அப்படியே நம்முடைய வீதிகளில் ஓடிப் பார்ப்பது எவ்வளவு தவறானது என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. ஓடியவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவருடைய பெயரையும் பாடசாலையையும் குறிப்பிடவில்லை.

ஓடியவரும் அவருடைய பயிற்சியும்

அவர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர். வயது 36, எடை 58 கிலோகிராம். பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்தில்தான். பாடசாலை நாட்களில் 1500 மீட்டர் ஓடியவர், பின்னர் நீண்ட காலம் ஓட்டத்தை விட்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் மீண்டும் தொடங்கி, தாழ்நிலத்தில் சமதரையில் நடந்த ஓர் அரை மரதனை 1 மணி 52 நிமிடத்தில் முடித்தார். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 19 வினாடி. அந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் கொழும்பில் ஒக்டோபர் மாதம் நடக்கவிருந்த முழு மரதனை 4 மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவருடைய இலக்கு பேராசை அல்ல. சற்றே கடினமானது, ஆனால் எட்டக்கூடியது.

வாரத்துக்கு 45 முதல் 50 கிலோமீட்டர் வரை ஓடினார். விடியற்காலையில் தோட்டத்து வீதியிலும், பாடசாலை விட்ட பிறகு மைதானத்திலும் ஓடுவார். புதன்கிழமைகளில் தொழிற்சாலைக்கு மேலே உள்ள செங்குத்து வீதியில் ஏறி ஏறி இறங்குவார். அந்தப் பயிற்சி அவருக்குப் பலமான கெண்டைக்கால்களைக் கொடுத்திருந்தது. நீண்ட ஓட்டம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது; 18, 22, 25, 28 என்று தூரம் கூடிக்கொண்டே வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை நுவரெலியாவுக்குப் போய் கிறகரி வாவியைச் சுற்றியும் குதிரைப் பந்தயத் திடலை அண்டியும், ஓரளவு சமமான இடத்தில்தான் ஓடியிருந்தார். மிக நீண்ட ஓட்டத்துக்கு மாத்திரம், தன்னுடைய ஊரிலிருந்தே புறப்பட்டு நுவரெலியா வரை ஓடிச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன். சிறுவயதில் பஸ்ஸின் யன்னலோரம் இருந்து பார்த்த வீதியைக் காலால் ஓடிக் கடப்பதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. அதை எந்த அட்டவணையாலும் கொடுக்க முடியாது.

அன்று நடந்தது

செப்டெம்பர் மாதம், புரட்டாசி பிறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. தலவாக்கலை நகரிலிருந்து காலை 5 மணிக்குப் புறப்பட்டு, ஏ7 வீதியில் லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவை அடைந்து, வாவியோரத்தில் 32 கிலோமீட்டரை நிறைவு செய்வது திட்டம். செங்குத்தான ரதல்ல குறுக்குவீதியைத் தவிர்த்துப் பிரதான வீதியையே தெரிவு செய்திருந்தார். நான் ஒரு நண்பரோடு மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். இருட்டிலும் பனிமூட்டத்திலும் வளைவுகள் நிறைந்த அந்த வீதியில் ஓடுபவருக்குப் பின்னால் விளக்கோடு ஒரு வாகனம் வருவது அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புறப்படுவதற்கு முன்னர் சீனி போட்ட ஒரு கோப்பை பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டார். கையில் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்த ஜீவனி என்ற நீர்-உப்பு மீட்புப் பொடியும் ஒரு புளிவாழைப்பழமும் இருந்தன. அட்டவணை அவருக்குக் கொடுத்திருந்த வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 வினாடி. முதல் 8 கிலோமீட்டரை அவர் 48 நிமிடம் 40 வினாடியில் ஓடினார். அதாவது சராசரி 6:05. கைக்கடிகாரம் காட்டிய இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 162. முன்னர் மைதானத்தில் அளந்து பார்த்ததில் அவருடைய உச்சத் துடிப்பு 184 என்று தெரிந்திருந்தது. ஆகவே தொடக்கத்திலேயே உச்சத்தின் 88 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் முகத்தில் வருத்தம் தெரியவில்லை, மூச்சும் ஒழுங்காகவே இருந்தது, பேச்சுக் கொடுத்தால் சிரித்தபடி தலையசைத்தார்.

லிந்துலைக்குப் பிறகு தூறல் தொடங்கியது. தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசி மழைக்காலம் அது. மேற்குச் சரிவிலிருந்து வரும் காற்று தேயிலை மலைகளின் மீது தடையின்றி ஏறி வீதிக்கு வந்தது. அடுத்த 8 கிலோமீட்டரில் வேகம் 6:25 ஆகக் குறைந்தது. 16 ஆவது கிலோமீட்டரைச் சரியாக 1 மணி 40 நிமிடத்தில் கடந்தார். துடிப்பு 168. அதற்குப் பின்வந்த 4 கிலோமீட்டரில் ஒவ்வொன்றும் 7 நிமிடம் எடுத்தது. அவர் அணிந்திருந்தது பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு அச்சிட்ட பருத்திச் சட்டை. அது நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

நானுஓயாவை நெருங்கும் ஏற்றத்தில்தான் அவருடைய உண்மையான தளர்ச்சி தொடங்கியது. 20 முதல் 23 வரையான மூன்று கிலோமீட்டரும் சராசரி 8 நிமிடம் 20 வினாடி. இங்கே கவனிக்க வேண்டியது வேகம் மட்டுமல்ல. அவர் இன்னும் கடுமையாக முயன்றுகொண்டிருந்தார், பற்களைக் கடித்துக்கொண்டு ஓடினார், ஆனால் இதயத்துடிப்பு 168 இலிருந்து 141 க்கு இறங்கியிருந்தது. முயற்சி கூடும்போது துடிப்பு குறைகிறது என்றால், இதயமும் நுரையீரலும் தயாராக இருந்தும் தசைகளால் வேலை செய்ய முடியவில்லை என்று அர்த்தம். தோள்கள் முன்னே சரிந்தன, பாதங்கள் தாரில் உரசத் தொடங்கின. மோட்டார் சைக்கிளை அருகில் கொண்டுசென்று, "தம்பி, இன்னும் எத்தனை கிலோமீட்டர் இருக்கு?" என்று கேட்டேன். ஒரு கணித ஆசிரியர் 32 இலிருந்து 23 ஐக் கழிக்க நெடுநேரம் எடுத்து, "பதினொண்ணு சேர்" என்றார். உதடுகள் வெளிறி, கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தச் சொன்னேன். வீதியோரத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் அழைத்துச் சென்று, ஈரச் சட்டையைக் கழற்றி, எங்கள் மழையங்கியைப் போர்த்தினோம். கடைக்கார அக்கா கேட்காமலே அடுப்புக்குப் பக்கத்தில் வாங்கைப் போட்டுத் தந்தார். நான்கு கரண்டி சீனி போட்ட சுடு பிளேன்டீ இரண்டு கோப்பை, இரண்டு பணிஸ், ஒரு வாழைப்பழம். இருபது நிமிடத்தில் நடுக்கம் நின்றது. அரை மணிநேரத்தில், தான் சொன்ன கணக்குத் தவறு என்று அவரே சொன்னார். உலர்ந்த சட்டையோடு நுவரெலியாப் பக்கமாக நடந்தும் மெதுவாக ஓடியும் மேலும் 4 கிலோமீட்டர் போனார். 27 இல் முடித்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

முதலில் ஒதுக்க வேண்டியவை

காரணத்தைத் தேடும்போது ஆபத்தானவற்றை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாவது ஆகியவை இருக்கவில்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதால் இரத்தத்தில் சோடியம் குறையும் நிலையும் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். நீண்ட ஓட்டங்களில் அது உயிராபத்தாகவும் முடியலாம். ஆனால் இவர் இரண்டரை மணிநேரத்தில் ஒரு லீற்றருக்கும் குறைவாகவே குடித்திருந்தார், விரல்கள் வீங்கவில்லை, குமட்டலும் தலைவலியும் இல்லை. சிறுநீரின் நிறம் அன்றும் மறுநாளும் இயல்பாக இருந்தது. தசை சிதைந்திருந்தால் அது கறுத்த தேத்தண்ணி நிறத்தில் வந்திருக்கும். அந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் அளவும் சரியாகவே இருந்தது. பெருந்தோட்டப் பகுதிகளில் இரத்தச்சோகை பரவலாக இருப்பதால், குறிப்பாக எங்கள் பெண் பிள்ளைகள் நெடுந்தூரம் ஓடத் தொடங்கும்போது, இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் பயிற்சியைக் கூட்டக்கூடாது என்பது என்னுடைய உறுதியான கருத்து.

சீனியும் சூடும் கிடைத்தவுடன் அறிவும் உடம்பும் தெளிந்ததே மிகப் பெரிய தடயம். இனிப்பைக் கொடுத்தும் குழப்பம் தீராதிருந்தால் பஸ்ஸை அல்ல, வைத்தியசாலையைத் தேடியிருப்போம்.

வேகத்தின் உண்மைக் கணக்கு

கிலோமீட்டருக்கு 6:05 என்பது அவருக்கு மெதுவான வேகம் போலத் தோன்றுகிறது. அரை மரதன் வேகத்தைவிட 46 வினாடி மெதுவானது. ஆனால் தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1200 மீட்டர் உயரத்திலும், நானுஓயாப் புகையிரத நிலையம் 1600 மீட்டருக்குச் சற்று மேலும், நுவரெலியா ஏறக்குறைய 1870 மீட்டரிலும் இருக்கின்றன. இடையில் வரும் சிறு இறக்கங்களை ஈடுசெய்யும் ஏற்றங்களையும் சேர்த்தால் அந்த வழியில் மொத்தம் 800 மீட்டர் வரை ஏற வேண்டியிருக்கிறது. மென்சரிவில் ஓடும்போது ஒவ்வொரு ஒரு சதவீத ஏற்றத்துக்கும் உடம்பின் சக்திச் செலவு ஏறத்தாழ 5 சதவீதம் கூடுகிறது. வீதியின் சராசரிச் சாய்வு இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 6:05 இல் ஓடியவர் சமதரையில் 5:32 இல் ஓடுவதற்கான உழைப்பைச் செலுத்தியிருக்கிறார்.

அதோடு உயரத்தையும் சேர்க்க வேண்டும். நுவரெலியாவின் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஏறக்குறைய 80 சதவீதமே. காற்றில் ஒட்சிசனின் விகிதம் மாறுவதில்லை, ஆனால் அமுக்கம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. அங்கேயே பிறந்து வாழ்பவருடைய உடம்பு இதற்குப் பெருமளவு பழகியிருக்கும். இருந்தும் கடல்மட்டத்தில் எட்டும் உச்ச வேகத்தை அந்த உயரத்தில் எட்ட முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அவர் அன்று தன்னுடைய அரை மரதன் போட்டியில் செலுத்திய உழைப்புக்கு நிகராகவே ஓடிக்கொண்டிருந்தார். 21 கிலோமீட்டருக்குத் தாங்கிய உழைப்பை 32 கிலோமீட்டருக்குத் தாங்க முயன்றார். 162 என்ற துடிப்பு அதைத் தொடக்கத்திலேயே சொல்லியது. நீண்ட ஓட்டத்தில் அது உச்சத்தின் 70 முதல் 80 சதவீதத்துக்குள், அதாவது இவருக்கு ஏறக்குறைய 147 க்குக் கீழே, இருந்திருக்க வேண்டும்.

தூரத்தின் கணக்கும் இப்படித்தான். அந்த 800 மீட்டர் ஏற்றம் சமதரையில் மேலும் 4 கிலோமீட்டர் ஓடுவதற்கான சக்தியைக் கேட்கிறது. 32 என்று அட்டவணையில் எழுதியிருந்த ஓட்டம் உடம்புக்கு 36 ஆகப் போயிருக்கும். சரியான, அமைதியான உழைப்பில் ஓடியிருந்தால் அந்த வழிக்கு மூன்றே முக்கால் மணிநேரம் வரை எடுத்திருக்கும். பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்குப் பயிற்சியில் மூன்று மணிநேரத்தைத் தாண்டி ஓடுவதால் கிடைக்கும் நன்மை குறைவு, களைப்பும் காயமும் அதிகம் என்பதே பல பயிற்றுநர்களின் அனுபவம். ஆகவே இலக்கு வேகம், இலக்குத் தூரம் ஆகிய இரண்டும் அந்த வீதிக்குப் பொருந்தாதவை. அவர் அட்டவணைக்குக் கீழ்ப்படிந்து ஓடினார். சமதரைக்காக எழுதிய அட்டவணை மலைவீதியை அறியாது.

வெறுமையாகப் புறப்பட்ட உடம்பு

வேகம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அவர் களைத்து மெதுவாகியிருப்பார். கழித்தல் கணக்கு தடுமாறியிருக்காது. மூளைக்கு வேண்டிய குளுக்கோஸே குறைந்துபோனதற்கான காரணம் முந்தைய நாளில் இருந்தது.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. அவருடைய வீட்டில் தலைமுறையாக அந்த விரதம் இருக்கிறது. காலையில் எதுவும் உண்ணாமல் கோவிலுக்குப் போய், சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கேற்றி, நண்பகலுக்குப் பிறகு ஒரு நேரம் மரக்கறிச் சோறு உண்பது வழக்கம். இரவில் ஒரு கோப்பை பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும். அன்று பிற்பகல் முழுவதும் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களுக்கு நின்றபடி வகுப்பும் எடுத்திருந்தார். இரவு ஐந்து மணிநேரமே தூங்கினார்.

நம் உடம்பு காபோவைதரேற்றை, அதாவது மாச்சத்தை, கிளைக்கோஜனாகத் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கிறது. நன்றாக உண்டு ஓய்வெடுத்த ஒருவருடைய தசைகளில் 300 முதல் 400 கிராமும் ஈரலில் ஏறக்குறைய 100 கிராமும் இருக்கும். இரத்தத்தில் குளுக்கோஸைச் சமநிலையில் வைத்திருப்பது ஈரலின் சேமிப்பு. இரவில் தூங்கும்போதுகூட மூளை அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பதால் விடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். சனிக்கிழமை ஒரு நேரம் மட்டும் உண்டவருடைய ஈரலில் ஞாயிறு காலை 5 மணிக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

செலவையும் பார்ப்போம். ஓடும்போது ஒரு கிலோகிராம் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 58 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 32 கிலோமீட்டர் சமதரையில் 1850 கிலோகலோரிக்கு மேல். ஏற்றத்தோடு 2050 ஐத் தாண்டும். மெதுவாக ஓடினால் அதில் நல்ல பங்கைக் கொழுப்பு தாங்கும். உழைப்பு கூடக் கூட மாச்சத்தின் பங்கு கூடும். இவர் குறைந்த சேமிப்போடு புறப்பட்டார். அந்தச் சேமிப்பை மிக விரைவாகக் கரைக்கும் உழைப்பிலும் ஓடினார். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் 23 ஆவது கிலோமீட்டரிலேயே நிற்க நேர்ந்தது.

வழியில் எடுத்துக்கொண்டதும் போதவில்லை. இங்கே பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜீவனி குடித்தால் சக்தி வரும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது வயிற்றோட்டத்தால் இழந்த நீரையும் உப்பையும் மீட்பதற்கான அருமையான கலவை. உலக சுகாதார நிறுவனம் 2002 இல் பரிந்துரைத்த இத்தகைய கலவையில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அது 54 கிலோகலோரி, இவருக்கு ஒரு கிலோமீட்டர் ஓடக்கூடப் போதாது. அந்தக் குளுக்கோஸ் சேர்க்கப்பட்டிருப்பதே குடலில் சோடியமும் நீரும் உறிஞ்சப்படுவதற்காகத்தான். ஒரு லீற்றர் முழுவதையும் குடித்திருந்தாலும், அதோடு வாழைப்பழத்தின் ஏறக்குறைய 20 கிராமையும் சேர்த்தால், இரண்டரை மணிநேரத்தில் அவருக்குக் கிடைத்தது 35 கிராமுக்கும் குறைவான மாச்சத்து. இவ்வளவு நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை எடுக்க வேண்டும் என்பதே விளையாட்டுப் போசணையாளர்களின் பொதுவான அறிவுரை. அவருக்குக் குறைந்தது 75 கிராம் தேவைப்பட்டது.

குளிர் கடைசியாக வந்து சேர்ந்தது. வேகமாக ஓடும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பம் ஈரச் சட்டையையும் காற்றையும் தாங்கிக்கொள்கிறது. சேமிப்புத் தீர்ந்து வேகம் குறைந்தவுடன் வெப்பமும் குறைகிறது, நடுக்கம் தொடங்குகிறது, நடுக்கமும் தசை வேலைதான், அதுவும் மிச்சமிருக்கும் மாச்சத்தைத் தின்கிறது. நம்முடைய மலைகளில் 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. நனைந்து, பசித்து, மெதுவாகிவிட்ட ஓட்டக்காரருக்கு அதுவே போதும்.

நிறுத்தியது சரியா

மறுநாள் அவர் தொலைபேசியில், "சேர், 42 நமக்குச் சரிவராது போல. பேரை எடுத்துருவமா?" என்று கேட்டார். எப்படியாவது 32 ஐ முடிக்க வைத்திருந்தால் மனம் உறுதிப்பட்டிருக்கும் என்று என்னோடு பயிற்சி கொடுக்கும் நண்பர் ஒருவரும் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. சேமிப்புத் தீர்ந்த தசைகளோடு உருக்குலைந்த நடையில் மேலும் 9 கிலோமீட்டர் ஏறினால் குதிக்கால் நாணும் கெண்டைத் தசையும் தாங்கும் சுமை பலமடங்காகும். அந்த 9 கிலோமீட்டர் மூன்று வாரத்தில் உடம்பின் திறனைக் கூட்டிவிடப் போவதில்லை, ஆனால் ஒரு காயம் அந்த மூன்று வாரத்தையும் எடுத்துக்கொண்டுவிடும். மனவுறுதியை வளர்க்க வேறு நாட்கள் உண்டு. வெறும் வயிற்றில் ஓடினால் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகும் என்று சிலர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அது ஒரு மணிநேர மெல்லோட்டத்துக்குப் பொருந்தும், பயிற்சிக் காலத்தின் மிகப் பெரிய ஓட்டத்துக்குப் பொருந்தாது.

அவருக்கு ஆறுதல் சொல்வதைவிடக் கணக்கைக் காட்டுவதே நல்லது என்று நினைத்தேன். மேலே எழுதிய எண்களை ஒரு தாளில் போட்டு அவருடைய பாடசாலைக்குக் கொண்டுபோனேன். அரை மரதன் உழைப்பில், ஒரு நேரச் சாப்பாட்டோடு, மழையில், 400 மீட்டருக்கு மேல் ஏறி 23 கிலோமீட்டர் வந்தவர் பலவீனமானவர் அல்லர் என்பதைக் கணித ஆசிரியர் ஒருவர் கணக்கைப் பார்த்தே ஒப்புக்கொண்டார்.

எஞ்சிய மூன்று வாரங்கள்

அந்த வாரம் முழுவதும் மெல்லோட்டம் மட்டுமே. பத்து நாட்களுக்குப் பின்னர் வந்த பௌர்ணமி விடுமுறை நாளில் நுவரெலியாவின் சமமான வழிகளில் இரண்டு மணிநேரம் ஓடினார். கடைசி 40 நிமிடம் போட்டி வேகத்தில். தூரத்தைப் பார்க்க வேண்டாம் என்று கடிகாரத்தின் அந்தப் பக்கத்தை மறைக்கச் சொன்னேன். முந்தைய இரவு வயிறு நிறையச் சோறு, காலையில் பாணும் ஜேமும், வழியில் அரை மணிக்கு ஒருமுறை 20 முதல் 25 கிராம் மாச்சத்து. அதற்கு விலையுயர்ந்த ஜெல் எதுவும் தேவைப்படவில்லை. அரை லீற்றர் தண்ணீரில் 30 கிராம் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்தால் 6 சதவீதக் கரைசல் கிடைக்கும். அது வயிற்றில் தங்காமல் இறங்கும். ஐந்து பேரீச்சம்பழம், அல்லது சிறு துண்டு கித்துள் கருப்பட்டி என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார். கருப்பட்டி அவருடைய வயிற்றுக்கு மிக நன்றாக ஒத்துக்கொண்டது.

வெப்பம் தனிப் பிரச்சினை. குளிரில் பயின்றவர் கொழும்பின் ஈரப்பதத்தில் ஓடப் போகிறார். வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். பள்ளி ஆசிரியருக்கு அத்தனை நாள் லீவு கிடைக்காது. அதனால் கடைசி இரண்டு வாரத்தில் சில மெல்லோட்டங்களைப் பிற்பகலில் மழையங்கி அணிந்து ஓடி, உடனே சுடுநீரில் குளித்தார். தலைசுற்றல் வந்தால் நிறுத்த வேண்டும், வீட்டில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொன்னேன். கொழும்பில் நான்கு நாள் தங்குவதற்குச் சமமான பலன் இதில் கிடைத்ததாக நான் சொல்ல மாட்டேன். எதுவும் செய்யாமல் போவதைவிட நல்லது.

விரதத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்வது என்னுடைய இடமும் அல்ல. போட்டிக்கு முந்தைய நாளும் புரட்டாசிச் சனிக்கிழமையாகவே அமைந்திருந்தது. அதை அவர் தன் தாயாரிடம் கேட்டார். வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்த அந்த அம்மா, "வெளக்க ஏத்திட்டு, மரக்கறியோட மூணு நேரமும் நல்லா சாப்புட்டுப் போ. சாமி பட்டினியா ஓடச் சொல்லல" என்றாராம். அவர் விளக்கேற்றிவிட்டுக் காலை ரயிலில் கொழும்புக்குப் போனார்.

போட்டியில் அவர் எடுத்தது 4 மணி 9 நிமிடம். முதல் பாதி 2 மணிநேரம். 34 கிலோமீட்டருக்குப் பிறகு வெயிலால் வேகம் குறைந்தது, துடிப்பு ஏறியது. ஆனால் இம்முறை அறிவு தெளிவாகவே இருந்தது. தண்ணீர் கொடுக்கும் இடங்களைத் தவிர வேறெங்கும் நடக்கவில்லை. முடிவுக் கோட்டில் எடுத்த கடிகாரப் பதிவை அன்று மாலையே எனக்கு அனுப்பி, வெப்பத்துக்கு இழந்த ஒன்பது நிமிடத்தை அடுத்த ஆண்டு எப்படி மீட்கலாம் என்று கேட்டிருந்தார்.

அடுத்த பருவத்துக்கான அட்டவணையை இருவரும் சேர்ந்து எழுதினோம். நீண்ட ஓட்டங்களுக்கு நேரமும் மொத்த ஏற்றமும் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கின்றன. கிலோமீட்டருக்கு நிரல் இல்லை. எந்த ஓட்டமும் மூன்று மணிநேரத்தைத் தாண்டாது. புரட்டாசியின் ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்லோட்டம் மட்டுமே இருக்கிறது, நீண்டவை வாரநடுவிலோ பௌர்ணமி விடுமுறையிலோ வருகின்றன. தலவாக்கலையிலிருந்து நுவரெலியா வரையான வழியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. போட்டிக்குப் பத்து வாரங்களுக்கு முன்னர், துடிப்பு 147 ஐத் தாண்டாமல், மூன்று மணிநேரத்தில் எங்கே நிற்கிறாரோ அங்கே பஸ் ஏறுவது என்று எழுதியிருக்கிறோம்.